நாற்பது துடிப்புகள்

முத்தையாபுரம் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே வண்டி நின்றுபோனபோது இன்னாசி பதறவில்லை. பதினான்கு மாதங்களாக அவர் எதற்கும் பதறியதில்லை.

பின்னிருக்கையில் ரோசலி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெட்டி. திருச்செந்தூரில் மகள் வீட்டுக்குப் போகிறாள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அவர் கேட்கட்டும் என்று காலையில் பெட்டியோடு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் வந்து பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தார். "தண்ணி எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். வழக்கமாக முன்னால் உட்காருகிறவள் அன்று பின்னால் போய் ஏறிக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் இப்போது.

"தெரியல. இறங்கிப் பாக்கேன்."

அவர் இறங்கினார். கதவு அவருக்குப் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது. இரண்டு அடி வைத்திருப்பார். உள்ளே ஏதோ ஒன்று 'டக்' என்றது. குளிர்காற்றின் சத்தம் நின்றது. முகப்பில் எப்போதும் எரியும் நீலக்கோடு மங்கி அணைந்தது. சித்திரை மாதத்து வெயிலில் வண்டி ஒரு வெள்ளைப் பாறாங்கல் மாதிரி நின்றது.

பதினான்கு மாதமாக வண்டியைத் திறந்துவந்த அனுமதி அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கதவோரம் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. திருப்பிக் காட்டினார். மின்கலம் செத்துவிட்டது என்று அப்போது புரிந்தது.

வண்டித் திருட்டு என்ற சொல்லே வழக்கொழிந்து இருபது வருஷம் ஆகிறது. ஒழித்தது நாடிப்பூட்டு. கைரேகை போலவே நாடியும் ஆளுக்கு ஆள் வேறு. இதயம் ரத்தத்தைத் தள்ளும் விதம், தள்ளிவிட்டு இளைப்பாறும் விதம், எல்லாவற்றிலும் ஒரு தனிச் சாயல் உண்டு. உரிமையாளர் பக்கத்தில் வந்தாலே வண்டி அந்தச் சாயலைக் கேட்டுத் திறந்துகொள்ளும். ஆகவே வண்டிகளுக்குக் கைப்பிடி இல்லை, சாவித்துளை இல்லை. ஜன்னலில் இருப்பது சுத்தியலுக்கும் அசையாத கல்கண்ணாடி. கம்பியை உள்ளே விட்டு நெம்ப இடம் கொடுக்கிறது என்று உள்பக்கத்துக் கைப்பிடியையும் எடுத்துவிட்டார்கள். வண்டியோடு வரும் ஆயுள்கலம் இருபத்தைந்து வருஷம் சாகாது. அப்படியே செத்தாலும் பயமில்லை. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள தூணில் உள்ளங்கை அகலத்துக்குக் கைத்தடம் என்று ஒன்று பதித்திருக்கிறார்கள். அதில் கையை வைத்தால் போதும். உள்ளங்கையின் துடிப்பிலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்சாரத்தைக் கறந்துகொள்ளும். நாற்பது துடிப்பில் தாழ் விலகிவிடும். 'நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்கள் வண்டி திறக்கும்' என்று கம்பெனி விளம்பரம் செய்தது.

இன்னாசி உயிரோடுதான் இருந்தார். அவருக்கு நாடிதான் இல்லை.

மீட்பு நிலையத்துக்குக் கைப்பேசியில் பேசினார். ஒரு பெண் எடுத்தாள். இடத்தைச் சொன்னார். வண்டியின் எண்ணைச் சொன்னார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா சார்?"

"என் மனைவி இருக்கா. அம்பத்தஞ்சு வயசு. பிரஷர் உண்டு."

"சார், மீட்பு வண்டி வர அம்பது நிமிஷம் ஆகும். இந்த வெயிலுக்கு அவ்வளவு நேரம் தாங்காது. நீங்க பதறாம கைத்தடத்துல உள்ளங்கைய வைங்க. நாற்பது எண்ணுங்க, திறந்துரும்."

"எனக்கு நாடி கிடையாது."

"சார், பேசறது யாரு?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

"நான்தான். தொடரோட்ட இதயம் வச்சிருக்கேன்."

"ஓ... ஓடை வச்சவங்களா." அவள் யாரிடமோ ஏதோ கேட்டாள். திரும்பி வந்தாள். "சீக்கிரம் வரச் சொல்றேன் சார்."

"சரிம்மா" என்று வைத்தார்.

சொந்த இதயம் அவரைக் கைவிட்டுப் பதினான்கு மாதம். அது இளம் வயதிலிருந்தே தடுமாறுகிற இதயம். கடைசியில் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில், பளுதூக்கியின் விசையைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். எடுத்துவிட்டுத் தொடரோட்ட இதயம் வைத்தார்கள். அது துடிக்காது. உள்ளே ஒரு சிறு சக்கரம் ஓயாமல் சுற்றும். ரத்தம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஊரில் அதற்கு 'ஓடை' என்று பெயர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று ரோசலி அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். குளிர்பெட்டி ஓடுகிற மாதிரி ஒரு ரீங்காரம். காதை எடுத்துவிட்டாள். பிறகு வைக்கவில்லை.

ஓடை வைத்ததிலிருந்து அவருக்கு வலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை. மற்றதும் இல்லை. ரோசலியின் அண்ணன் இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் நின்று மாலைகளின் எண்ணிக்கையைக் கவனித்துக்கொண்டிருந்தார். பேத்தி பிறந்து கையில் கொடுத்தபோது எடை சரியாக இருக்கிறது என்று சொன்னார். டாக்டர் வான்மதி இதை அவருக்கு விளக்கியிருந்தார். "பயம்னா என்ன நினைக்கிறீங்க? நெஞ்சு அடிச்சுக்கிறதை மூளை கேக்குது. கேட்டாத்தான் அது பயம். சந்தோஷமும் அப்படித்தான். உங்க மூளை இப்ப காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, சத்தம் வரல. பழகிடும்." பழகிவிட்டது, அவருக்கு. ரோசலியை அவருக்குப் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும், தன் பிறந்த தேதி தெரிகிற மாதிரி.

ரோசலி கண்ணாடியைத் தட்டினாள். "திறக்கலையா?" என்று அவள் கேட்பது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி வந்தது.

"கலம் போச்சு. ஆள் வருது."

"எவ்வளவு நேரம்?"

சொன்னார். அவள் முகம் மாறியதைப் பார்த்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து குடித்தாள்.

வரப்பில் நட்டிருந்த இரும்புக் கம்பி ஒன்றைப் பிடுங்கி வந்து கண்ணாடியில் அடித்தார். பத்து முறை அடித்தார். கம்பி வளைந்தது. சுற்றிலும் பார்த்தார். வெகு தொலைவில் உப்பு வாரும் எந்திரங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மனிதர் யாரும் இல்லை. பத்து நிமிஷம் போயிருந்தது. உள்ளே இப்போது ஐம்பது டிகிரி இருக்கும் என்று கணக்கிட்டார். இருபது நிமிஷத்தில் அவள் மயங்குவாள். மீட்பு வண்டி வரும்போது உயிர் இருக்காது. இதையெல்லாம் ஒரு சரக்குப் பட்டியலைச் சரிபார்ப்பதுபோல நினைத்தார். இப்படி நினைப்பது தவறு என்பதும் அவருக்குத் தெரிந்தது.

ரோசலி இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியில் அறைந்தாள். "ஏங்க! என்ன செய்யுதீங்க? நிக்குதீங்களே!"

அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். யோசித்துக்கொண்டிருந்தார். பூட்டுக்குத் தேவை இதயம் இல்லை. உள்ளங்கையில் ரத்தம் அலையாக வரவேண்டும், அவ்வளவுதான். அலை என்றால் என்ன? ஓட்டம், ஓட்டமின்மை, மறுபடியும் ஓட்டம்.

இடுப்பு வாரில் அவருடைய ஓடையை இயக்கும் பேழை தொங்கியது. அதன் பக்கவாட்டில் சின்ன மடல். மடலுக்குள் நிறுத்துவிசை. டாக்டர்கள் சோதனை செய்யும்போது சக்கரத்தை நிறுத்திப் பார்க்க வைத்தது. அழுத்தினால் நிற்கும், விட்டால் ஓடும். "இதை மட்டும் தொடாதீங்க. பத்து நொடி நின்னா மயக்கம். இருபது நொடி நின்னா எழுந்திருக்க மாட்டீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இன்னாசி மடலைத் திறந்தார். வலது உள்ளங்கையைக் கைத்தடத்தில் வைத்தார். தூண் சுட்டது. இடது கட்டைவிரலால் விசையை அழுத்தி விட்டார்.

கைத்தடத்தில் நூல் மாதிரி ஒரு பச்சைக்கோடு தோன்றியது.

அழுத்தினார், விட்டார். இரண்டாவது கோடு. மூன்று, நான்கு. முப்பது வருஷம் பளுதூக்கியின் விசையில் இருந்த விரல் அது, அளவு தப்பாது. ஐந்தாவது துடிப்பில் கோடுகள் மொத்தமாக அழிந்தன.

கூடவே இன்னொன்றும் நடந்தது. மரத்துப்போன கால் விழித்துக்கொள்ளும்போது குத்துமே, அந்த மாதிரி உடம்பு முழுக்கக் குத்தியது. நெஞ்சில் தொடங்கித் தொண்டைக்கு ஏறியது. அவர் கண்ணாடிக்குள் பார்த்தார். உள்ளே ரோசலி இருந்தாள். அவருடைய ரோசலி. முகம் செக்கச்சிவந்து, நெற்றியில் முடி ஒட்டி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோமா என்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ" என்றார். பதினான்கு மாதத்தில் முதல் ஐயோ.

சரியான அளவில் துடித்தும் பூட்டு ஏன் ஏற்கவில்லை என்று அடுத்த கணமே விளங்கியது. அதற்குத் தெரிந்த இன்னாசி சீராகத் துடிக்கிறவர் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் அது பதிந்துகொண்டது அந்தத் தடுமாறும் இதயத்தை. எப்படித் தடுமாறியது அது? எத்தனை துடிப்புக்கு ஒரு தடவை? யோசித்தார். நினைவில்லை. ஐம்பத்தேழு வருஷம் தனக்குள் வைத்திருந்தும் அவர் அதைக் கவனித்துக் கேட்டதே இல்லை.

"ரோசலி!" கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினார். "என் பழைய நெஞ்சு! எப்படி அடிக்கும்? நான் மறந்துட்டேன்!" நெஞ்சைக் காட்டினார், கைத்தடத்தைக் காட்டினார், விசையை அழுத்திக் காட்டினார்.

அவள் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "வேண்டாம்" என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லுடீ!"

அவள் அவரையே பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். அதைப் பார்த்தபின் ரோசலி வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அவர் நெஞ்சில் தலைவைத்துப் படுத்தவள், நடுவில் விழுந்த இடைவெளியைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷம் ஒவ்வொரு இடைவெளியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த துடிப்புக்குக் காத்திருந்தவள் அவள். கல்யாண மோதிரத்தால் கண்ணாடியில் தட்டினாள். மூன்று தட்டு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு பலமாக ஒரு தட்டு.

அவர் விரல் அவள் மோதிரத்தைத் தொடர்ந்தது. மூன்று, இடைவெளி, ஒன்று. பச்சைக்கோடுகள் அழியாமல் நின்றன. எட்டு. பன்னிரண்டு. ஒவ்வொரு அலையிலும் பயம் கூடியது. பயம் கூடக் கூட விரல் நடுங்கியது. இருபத்து மூன்றில் விரல் வழுக்கி, இடைவெளியில் ஒரு துடிப்பு விழுந்துவிட்டது. எல்லாம் அழிந்தது.

கண்ணில் பூச்சி பறந்தது. சக்கரம் நின்று நின்று ஓடியதில் மூளைக்கு ரத்தம் போதவில்லை. சில நொடி விரலை எடுத்தார். ஓடை சீராக ஓடியது. உடனே பயம் வடிந்தது. வெயில், கண்ணாடி, உள்ளே ஒரு பெண் என்று எல்லாம் தெளிவாக, தள்ளித் தெரிந்தன. இந்த அமைதியில் விரல் நடுங்காது என்று நினைத்தார். ஆனால் அழுத்தாமல் கோடு வராது, அழுத்தினால் அமைதி இருக்காது. மறுபடியும் விரலை வைத்தார்.

"தட்டு ரோசலி, தட்டு."

அவள் இப்போது இருக்கையில் சாய்ந்திருந்தாள். வியர்ப்பது நின்றிருந்தது. கையை மட்டும் கண்ணாடியில் வைத்திருந்தாள். மூன்று, இடைவெளி, ஒன்று. மோதிரத்தின் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. பதினாறு. இருபத்து நான்கு. முப்பத்தொன்றாவது தட்டோடு கை கண்ணாடியில் வழுக்கி மடியில் விழுந்தது.

"ஏய்! தூங்காத! ரோசலி, தூங்காதடீ!" அவர் கத்தினார். விரல் நிற்கவில்லை. "பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிட்டியே, ஒரு வார்த்த சொன்னியா? உன் இஷ்டத்துக்குப் போயிருவியா நீ? என்னக் கேக்காம போயிருவியா?"

முப்பத்திரண்டு. இடைவெளி எங்கே வரும்? மோதிரம் இல்லை. ஆனால் பயம் இருந்தது. பழைய நாட்களில் நெஞ்சு தாண்டித் துடிக்கும்போதெல்லாம் வயிற்றில் ஒன்று குபீரென்று விழுமே, அது இப்போது அப்படியே விழுந்தது. அது விழுந்த இடத்தில் அவர் விரலைப் பிடித்துவைத்தார். பிறகு விட்டார். கோடு நின்றது. முப்பத்தாறு. காட்சி இருட்டிக்கொண்டு வந்தது. தோளை வண்டியில் சாய்த்துக்கொண்டார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் ஒரு விரற்கடை விலகின. அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடித்தது.

அவளை இழுத்து வண்டியின் நிழலில் கிடத்தினார். துண்டை உப்புப் பாத்தியில் நனைத்துத் தலையிலும் கழுத்திலும் பிழிந்தார். ஒரு கை அதைச் செய்தது. மற்றொரு கை விசையை விடவில்லை. கதவு திறந்தபின் அதை அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் விடமுடியவில்லை. மூன்று, இடைவெளி, ஒன்று. ரோசலி கண் திறந்தாள். உதடு நீலம் பாரித்து, முகமெல்லாம் கண்ணீரும் உப்புமாக ஒருவர் அவளைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்கண்ணன் செத்தப்ப நான் அழலன்னு தெரியும். பேத்தியக் கொஞ்சலன்னு தெரியும். எல்லாம் உள்ளதான் கெடக்கு ரோசலி. ஒண்ணும் போகல. எல்லாம் அப்படியே கெடக்கு. நான் ஒண்ணு சொல்லணும், கேளு. நான்..."

அதற்குள் மீட்பு வண்டி வந்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்தாள். அவர் உதட்டைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், பாய்ந்து கையைப் பிடுங்கி எடுத்தாள். அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"சொல்லுங்க" என்றாள் ரோசலி. "என்ன? சொல்லுங்க."

"இவளுக்கு முதல்ல டிரிப்ஸ் ஏத்துங்க" என்றார் அவர் நர்ஸிடம்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. இருவருமாகப் போனார்கள். ரோசலி மகள் வீட்டுக்குப் போகவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரத்தில் இன்னாசி ஒரு முறைகூட விசையைத் தொடவில்லை. தொடவேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றுவதற்கே அந்தத் துடிப்பு வேண்டியிருந்தது. அவள் தொடச் சொல்லவில்லை. இரண்டொரு முறை அவர் இடுப்பைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் வான்மதி மேசையில் ஒரு தாளை வைத்தார். "உங்க பேழை எல்லாத்தையும் குறிச்சு வச்சிருக்கு. அன்னைக்கு உங்க இதயம் நூத்துப் பதினேழு தடவை நின்னிருக்கு. நீங்க உயிரோட உக்காந்திருக்கறதே பெரிசு."

"ஆமா" என்றார் அவர்.

"நீங்க செஞ்சது செய்தியில வந்துருச்சு. இப்ப ஓடை வச்சவங்க எல்லாருக்கும் அந்த விசை எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அவங்க அழுத்துறது வண்டியத் திறக்க இல்ல சார்." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சேலத்துல ஒருத்தர். மக கல்யாணம். தாலி கட்டுற நேரத்துல ஒரு சொட்டு கண்ணீர் வரணும்னு அழுத்தியிருக்கார். மண்டபத்துலயே போயிட்டார். இதோட ஏழு பேர். அதனால உத்தரவு வந்திருக்கு. விசைக்கு மேல மூடி போட்டுப் பூட்டிரணும். நோயாளியோட சம்மதம் வேணும், அதான் கையெழுத்து."

"என்ன பூட்டு?" என்று ரோசலி கேட்டாள்.

கருவிகளோடு நின்றிருந்த பொறியாளர் பதில் சொன்னார். "நாடிப்பூட்டும்மா. அதவிடப் பத்திரமான பூட்டு இல்லையே. சாரோட பழைய நாடிப் பதிவுதான். வேற யாரும் திறக்க முடியாது."

"இவருக்குத்தான் நாடி கிடையாதே."

"அதனாலதாம்மா பத்திரம்."

ரோசலி பொறியாளரை வெறித்துப் பார்த்தாள். பிறகு கணவரிடம் திரும்பினாள். "போடாதீங்க."

"ஏன்?"

"அன்னைக்கு என்னத் திட்டுனீங்க." என்றாள். "பதினாலு மாசத்துல அன்னைக்குத்தான் நீங்க வீட்டுக்கு வந்தீங்க. பூட்டிட்டா அப்புறம் எப்படி வருவீங்க?"

இன்னாசி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இரண்டு பக்கத்துக்கும் காரணம் இருந்தது. இரண்டும் ஒரே எடையில் இருந்தன. "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். "அப்படி இருக்கறவன் முடிவு எடுக்கக் கூடாது. டாக்டர், ஒரு நிமிஷம் அழுத்திக்கட்டுமா? அழுத்துனா வர்றவன் முடிவு பண்ணட்டும்."

டாக்டர் மறுத்தார். இன்னாசி அதே குரலில் அதையே திரும்பக் கேட்டார். கடைசியில் டாக்டர் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, கையில் ஊசி ஏற்றி, பக்கத்திலேயே நின்றுகொண்டார். "ஒரு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது."

மூன்று, இடைவெளி, ஒன்று.

ரோசலி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அவர் அதில் வந்து சேருவதைப் பார்த்தாள். கண் நனைந்தது. நெற்றி சுருங்கியது. அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். மூன்று வாரத்தில் அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று பார்த்தார். அவள் மணிக்கட்டில், அன்று கதவோரத்து உலோகம் சுட்ட தழும்பைத் தொட்டார்.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

"வந்துட்டேன்." அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் கண்ணில் வேறொன்று வந்தது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை. "ரோசலி, எனக்குப் பயமா இருக்கு."

"நான் இருக்கேன்ல."

"நீ இருப்ப. நான் செத்துட்டா நீ தனியா இருப்ப. அந்தச் சேலத்து ஆளு... அவரு பொண்டாட்டி அந்த மண்டபத்துல..." மூச்சு திணறியது. "இந்த விசை கைக்கெட்டுற தூரத்துல இருந்தா நான் அழுத்துவேன். நீ கேட்டா அழுத்துவேன். நீ கேப்ப. ஒரு நா கேப்ப. நீ கேட்டு நான் செத்தேன்னு ஆயிரக் கூடாது. பேனாவக் குடுங்க டாக்டர்."

"வேண்டாம். நான் கேக்க மாட்டேன். சத்தியமா கேக்க மாட்டேன்."

"கேப்ப. நானா இருந்தா நானும் கேப்பேன்."

அவர் வலது கையால் கையெழுத்துப் போட்டார். எழுத்து தாளைவிட்டு வெளியே ஓடியது. கையிலிருந்து பேனா விழுந்தது. டாக்டர் மணியைப் பார்த்துவிட்டு, அவருடைய கட்டைவிரலை மெதுவாக விசையிலிருந்து எடுத்தார்.

பொறியாளர் மூடியைப் பொருத்தினார். நாலு நிமிஷ வேலை. "சார், ஒரு தடவை விரலை வைங்க" என்றார். இன்னாசி வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. உரிமையாளர் இல்லை என்று எழுத்து வந்தது.

"சரியா வேலை செய்யுது" என்றார் பொறியாளர்.

எல்லோரும் வெளியே போனபின் இன்னாசி எழுந்து உட்கார்ந்தார். முகம் ஈரமாக இருந்தது. முந்தானையால் ரோசலி துடைத்துவிட்டாள். அவர் துடைக்கக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

"ஏன் கையெழுத்துப் போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். பேசிய சொற்கள் ஒன்று விடாமல் வரிசையாக நினைவிருந்தன. யாரோ படித்துக்காட்டிய கடிதம் மாதிரி இருந்தன.

"உனக்காகன்னு நெனைக்கேன்" என்றார். "சரியான முடிவுதானா?"

ரோசலி அவருடைய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். அந்த ரீங்காரத்தின் மேல் உள்ளங்கையை ஒரு கணம் வைத்திருந்தாள்.

"முடிவு எடுத்தவர்கிட்டத்தான் கேக்கணும்" என்றாள். "உங்கள எங்கிட்ட ஒப்படைச்சிட்டு அவரு போயிட்டாரு. எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."